வார்னிஷுக்குள் மூன்று பொட்டு

என்னங்க,

இன்று காலை பெயிண்டர் தின்னர் டின்னைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்துவிட்டீர்கள், மடித்துக் கட்டிய லுங்கியும் கையில் உப்புத்தாளுமாக. அவர் திரும்பி வருவதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். வாசல் நிலையை மரமாகவே விடுவதா, வெள்ளை அடிப்பதா?

வரும் ஞாயிறு நம் மகள் கோமதிக்கு நிச்சயதார்த்தம், இந்த வீட்டிலேயேதான். உங்கள் தங்கை நேற்று அலோர் காஜாவிலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, இந்த நிலையெல்லாம் கறுத்துப் போயிக் கெடக்குலா. வர்றவங்க டவுன்காரங்க. வெள்ளையா அடிச்சிட்டா வீடே பளிச்சுன்னு ஆயிரும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுக்குமேல புதுசா மஞ்சக் குங்குமம் நான் வச்சிடறேன். நீங்க அன்னிக்குக் கொஞ்சம் உள்ளாற இருந்துக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி."

எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். பொய். நீங்கள் போய் இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் பெற்ற மகளின் நிச்சயத்துக்கு நான் ஆகாதவளாகிவிட்டேன். ஆனால் அவளை மட்டும் சொல்லி என்ன பயன்? நீங்கள் போனபின் யாரும் சொல்லாமலே வெள்ளிக்கிழமைகளில் நிலைக்குப் பொட்டு வைப்பதை நிறுத்தியவள் நான்தானே.

இதே நிலைக்காக நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து, புக்கிட் பெருவாங்கில் இந்த வீட்டுச் சாவியை வாங்கிய வாரம் அது. கதவு நிலை, ஜன்னல் சட்டமெல்லாம் வெறும் மரமாக நின்றன. பக்கத்து வீட்டு டீச்சர் மாதிரி வெள்ளைப் பெயிண்ட் என்றேன் நான். முடியவே முடியாது என்றீர்கள் நீங்கள்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? ஊர்ல எல்லாரும் அடிக்கிறாங்க!"

நீங்கள் என்னைப் பார்க்காமல் நிலையைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "தோட்டத்துல கம்பெனி லோரி வரும், எல்லாக் கதவுக்கும் பச்சைய அடிச்சிட்டுப் போவான். நம்மள ஒரு வார்த்த கேட்டானா? கதவு மரத்துல செஞ்சதுன்னே எனக்கு இப்பத்தான் தெரியுது புள்ள."

அதற்கும் நான் மசியவில்லை. "இவ்ளோ பேசுறீங்களே, தூசி யாரு துடைக்கிறது?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோமதிதான் தூது. கடைசியில் அடுப்படியும் அறைகளும் எனக்கு, வெள்ளை. வாசல் நிலை உங்களுக்கு, மரம் என்று ஒத்துக்கொண்டோம். வாரம் முழுக்க சுங்கை ஊடாங்கில் எண்ணெய் டாங்கிகளுக்குப் பெயிண்ட் அடித்த மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து நிலையைத் தேய்த்தீர்கள்.

பால் காய்ச்சிய காலையில் அந்த நிலைக்கு மஞ்சள் பூசி மூன்று பொட்டு வைத்தேன். கோபம் ஆறாமல் வைத்தது. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, மூன்றாவது கொஞ்சம் வழிந்தும் போனது. மறுநாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பினால், வார்னிஷ் அடித்து முடித்திருந்தீர்கள். பொட்டுக்கு மேலேயே!

"ஐயோ, துடைச்சிட்டு அடிக்க வேண்டியதுதானே!"

"அதெப்படி? நீ வச்ச குங்குமத்த நான் துணிய எடுத்துத் துடைக்கிறதா? கை வரல" என்று திருதிருவென்று விழித்தீர்கள். பெயிண்டே பிழைப்பான ஆள் செய்கிற வேலையா அது? வந்தவர்களெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். நான் வெள்ளிதோறும் அந்தக் கோணல் பொட்டுகளின்மேல் நேராகப் புதுப் பொட்டு வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஈரத்துணியால் நிலையைத் துடைத்துப் பார்த்தேன். மேலே வைத்ததன் சுவடுகூட இல்லை. உள்ளே மஞ்சளும் வெளுத்து மரத்தோடு கலந்துவிட்டது. ஆனால் மூன்று பொட்டும் கறுஞ்சிவப்பாக அப்படியே இருக்கின்றன, அதே கோணலோடு. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது, ஆமாம்.

கோமதி பின்னால் வந்து நின்றாள். "மா, பெயிண்ட் வேணாம். அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். அன்னிக்கு நீ உள்ளாற இருந்தா நானும் உள்ளாறதான் இருப்பேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க அத்தைய நிச்சயம் பண்ணிட்டுப் போகட்டும்லா." உங்கள் வாய் அப்படியே அவளுக்கு. அழுகையோடு சிரித்தேன்.

பெயிண்டர் வந்ததும், "டின்ன மூடுங்க தம்பி, நிலைக்கு வார்னிஷ்தான். இந்தப் பொட்டு மேல உப்புத்தாள் படக் கூடாது, அப்படியே அடிங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "தேய்ச்சு எடுத்துட்டு அடிச்சாத்தானேக்கா நல்லாருக்கும்?"

"அதெப்படி?" என்றேன்.

உங்கள் தங்கை கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு தானே எழுந்து, மாவிலைத் தோரணத்துக்கு எங்கே ஆணி அடிப்பது என்று என்னிடம் வந்து கேட்டாள். வார்னிஷ் ஞாயிறுக்குள் காய்ந்துவிடும். அன்றைக்கு நான் உள்ளே இருக்கப் போவதில்லை. நிலைக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுவேன். பொட்டு வைத்தது யார் என்று கேட்டால், நான்தான் என்பேன்.