பீரங்கி வண்டியில் பூசிய சேறு

என் வீட்டு எஜமானிக்கு,

நலமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் சுகம்தான். வயிறு மட்டும் கொஞ்சம் எரிகிறது. மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை.

காரணம் நீதான். போன வாரம் வீடியோவில், நானும் என் அறைவாசி கிரேன்காரரும் வர்ணம் தீட்டிய குட்டிப் பொம்மைகளைக் காட்டினேனே. அவருடைய விரலளவு குதிரைவீரனைப் பார்த்து, "அய்யோ, கண்ணு அப்படியே உசுரோட இருக்கே!" என்று வாயைப் பிளந்தாய். என் பீரங்கி வண்டியைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் துடைச்சு வைக்கக் கூடாதாங்க?" என்றாய்.

அது அழுக்கில்லை, தாயே! போருக்குப் போய்வந்த வண்டி என்று தெரிவதற்காக, சக்கரம் சக்கரமாக நான் பூசிய சேறு. என் லீவு நாளெல்லாம் அதற்கே போனது.

அன்றிலிருந்து கிரேன்காரர் தலைகால் புரியாமல் ஆடுகிறார். சாப்பிடும்போதுகூட, "தங்கச்சி வேற என்ன சொல்லுச்சு?" என்கிறார். நேற்று ஒரு ஈரத்துணியை நீட்டி, "துடைக்கலையா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

இந்தக் கடிதத்தோடு லீவில் ஊருக்கு வரும் எங்கள் சமையல்காரர் திரும்பும்போது, உன் நகப்பூச்சைக் கொடுத்தனுப்பு. அந்தக் கருஞ்சிவப்பு. வண்டியின் கொடிக்கு வேண்டும். பெட்டியைப் பூட்டணும் என்று அவர் அவசரப்படுத்துகிறார். புது பாட்டில் வேண்டாம்; நீ பூசி மிச்சம் வைத்ததுதான் வேண்டும்.

கிரேன்காரர் கேட்டால் மூடியைக்கூடத் திறந்து காட்டமாட்டேன்.

உன்,
சேற்று வண்டிக்காரன்