மாரித்தாயின் வலது கை

1962 ஜூன் 18, திங்கள்
குழந்தை வளர்ச்சி, குடும்ப இயல் — விருதுநகரில் ஓராண்டு வகுப்பில் சேர்ந்தேன். இருபத்திரண்டு இளம்பெண்கள், அறுபத்தொரு வயதில் நான். மகன் வீட்டில் மூலையில் உட்கார எனக்குச் சம்மதமில்லை. ஆசிரியை வீரலட்சுமி என் மகளைவிட இளையவள். "கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்க" என்றாள். கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்த எனக்கு இது புதிதா?

ஜூலை 7
ஆளுக்கொரு குழந்தையை வாரம் ஒரு மணி நேரம் கவனித்து அறிக்கை எழுத வேண்டும். எனக்கு எம். புதுப்பட்டி கிராமத்து மாரித்தாய், வயது நான்கு. தாய் வள்ளித்தாய் மாசியில் பட்டாசுக் கம்பெனி விபத்தில் இறந்தாள். தகப்பன் வெள்ளைத்துரை. வளர்ப்பது அத்தை பொன்னுத்தங்கம். அறிக்கை பார்த்துத்தான் புதிய பாலர் பள்ளியில் சேர்ப்பார்களாம். இல்லாவிட்டால் அத்தையோடு தீப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

ஜூலை 14
மாலை ஐந்தரை. கம்பெனி விட்டுப் பெண்கள் நடந்து வந்தார்கள். மாரித்தாய் மைல்கல் அருகே நின்றாள். கடைசிப் பெண்ணும் போனபின் வலது கையை உயர்த்தினாள். விரல்கள் மூடிக்கொண்டன. கையை இறக்காமல் மெதுவாக நடந்தாள், களைத்துப்போன ஒருத்தியோடு நடப்பதுபோல். (இது நினைத்தது. அடித்துவிட வேண்டும்.) ஓடைப் பள்ளத்தில் அவள் தாண்டவில்லை, குதிக்கவில்லை. கால்கள் தரையில் இல்லை. அக்கரையில் இறங்கினாள்.

பொன்னுத்தங்கத்திடம் கேட்டேன். "ஆத்தா செத்தத புள்ளகிட்ட யாரும் சொல்லலம்மா. கம்பெனிக்குப் போயிருக்கான்னு சொல்லிவச்சிருக்கோம். வெவரம் தெரியிற வரைக்கும் இங்கன அப்படித்தான்."

பொய் சொல்லியா ஒரு குழந்தையை வளர்ப்பது!

ஜூலை 21
நானே சொன்னேன். உன் அம்மா இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள். குழந்தை அழவில்லை. பொன்னுத்தங்கம்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "சொல்லிப்புட்டீகளே! அம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு? புள்ள கூட்டியாந்துக்கிட்டு இருந்துச்சு. இனி அவ எப்படி வீடு வந்து சேருவா?"

யார் என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டாள்.

ஜூலை 28
மாரித்தாய் மைல்கல்லுக்குப் போகவில்லை. ஒரு வாரமாகப் பாயில் கிடக்கிறாள், கஞ்சி இறங்கவில்லையாம். வெள்ளைத்துரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வைத்தியரு காய்ச்சல் இல்லைங்காரு, தாயி."

குழந்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா ரோட்டுலயே நிக்குது. நீங்கதான வரக் கூடாதுன்னீக."

ஜூலை 29
என்ன செய்துவிட்டேன் நான்?

ஆகஸ்ட் 4
பாய் அருகே உட்கார்ந்தேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. வா, அம்மாவைக் கூட்டியாரலாம்." என் வாயா சொன்னது?

மைல்கல்வரை தூக்கிப் போனேன். எலும்புதான் மிச்சம், ஆனாலும் கனத்தாள். பெண்கள் போய் முடிந்தார்கள். இறங்கி நின்று வலது கையை உயர்த்தினாள், இடது கையை என்னிடம் கொடுத்தாள். நடந்தோம். இரண்டு முறை நின்றோம். நிற்கச் சொன்னது நானில்லை. ஓடையில் அவளைத் தூக்கினேன். பாதிக் கனம்தான் என் கையில் இருந்தது.

வீட்டில் ஒரு கிண்ணம் கம்பங்கூழ் குடித்தாள். பொன்னுத்தங்கம் எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள். "குடிங்கம்மா."

ஆகஸ்ட் 20
அறிக்கை கொடுத்தேன். வயதுக்கேற்ற வளர்ச்சி, தெளிவான பேச்சு. அந்த நடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

செப்டம்பர் 3, திங்கள்
பாலர் பள்ளியில் மாரித்தாயைச் சேர்த்தோம். மாலையில் அழைத்துப்போக வருபவர் யார் என்று படிவத்தில் ஓர் இடம். என் பெயரை எழுதினேன். குழந்தை என் சேலையை இழுத்தாள்.

"அம்மா பேரு?"

வள்ளித்தாய் என்று, என் பெயருக்கு மேலே, தெளிவாக எழுதினேன்.