மாமாவின் துப்பாக்கிகளும் ஹாலுக்குள் வந்த வெள்ளமும்

கோபம் வந்தால் வாசல்வரை போய், தேநீர் ஆறிப்போகுமே என்று திரும்பி வந்துவிடும் என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளுக்குப் பேப்பரில் போட உங்கள் படம் ஒன்றைத் தேடினேன். கல்யாணம், காதுகுத்து, எந்தப் படத்தை எடுத்தாலும் யாரோ உங்களிடம் கடன் கேட்ட மாதிரி முகத்தை உம்மென்று வைத்திருக்கிறீர்கள். நன்றாகச் சிரித்த படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் உங்கள் கையில் துப்பாக்கி. அதை எப்படி மாமா பேப்பரில் போடுவது? அதனால்தான் படத்துக்குப் பதிலாக இந்தக் கடிதம்.

படிப்பவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் கேரித் தீவில் எண்ணெய்ப் பனை என்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அங்கே பழைய துரை பங்களாவைக் காலி செய்தபோது, சுவரில் தொங்கிய துப்பாக்கிகளை யாரும் வேண்டாம் என்றார்கள். இவர் போலீஸில் முறையாக உரிமம் எடுத்து அவற்றை வாங்கிக்கொண்டார். இரட்டைக்குழல் ஒன்று, குழல் வாயில் மருந்தைப் போட்டு இடித்துக் கெட்டிக்கிற நெட்டைத் துப்பாக்கி இரண்டு, கைத்துப்பாக்கி இரண்டு. எல்லாம் நூறு வருடத்துக்கும் மேற்பட்டவை. ஒன்றும் சுடாது. ஓய்வு பெற்று எங்களோடு கிள்ளானுக்கு வந்தபோது, துணிமணி ஒரு பெட்டியிலும் துப்பாக்கிகள் ஒரு லோரியிலும் வந்தன.

ஹாலில் டிவி வைக்க வேண்டிய இடத்தில் உங்கள் இரும்பு அலமாரி. அதைத் தரையோடு திருகி வைக்க வேண்டும் என்று போலீஸில் சொன்னார்களாம். நான் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்? நம் சுமதியைப் பெண் பார்க்க சுபாங் ஜெயாவிலிருந்து வந்த அன்று, அலமாரியைத் திறக்காதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். நான் கேசரியோடு வருவதற்குள் நீங்களும் மாப்பிள்ளையின் அப்பாவும் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றீர்கள். என் மகள் பட்டுச்சேலையோடு அறைக்குள்ளே காத்திருந்தாள். அந்தச் சம்பந்தம் முடிந்ததே உங்கள் இரட்டைக்குழலால்தான் என்று சம்பந்தி இன்றைக்கும் சொல்கிறார்.

வீட்டில் யாரும் ஈரக் கையோடு அந்தப் பக்கம் போக முடியாது. "தள்ளிப் போமா, துரு புடிச்சிரும்" என்பீர்கள். மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்தால்கூட நீங்கள் இவ்வளவு கவலைப்பட்டதில்லை என்று நான் சொல்லிக் காட்டுவேன். அது பொய். என் ஆபரேஷனுக்குப் பிறகு பத்தியச் சாப்பாடு என்று நீங்கள் வைத்துக் கொடுத்த உப்பில்லாத ரசத்தை நான் மறக்கவில்லை. மறக்கக்கூடிய ரசமா அது?

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உருக்க விட்டுடாதமா" என்றீர்கள். உங்கள் மகன் பக்கத்திலேயே நின்றார், அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னீர்கள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வாழ்நாள் முழுக்க அந்த அலமாரியோடு மல்லுக்கட்டியவள் தலையிலா இதைக் கட்டுவது?

நீங்கள் பயந்த மாதிரியேதான் நடந்தது. உரிமம் உங்களோடு முடிந்துவிட்டது, தகுந்தவர்கள் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் உருக்கிவிடுவோம் என்று போலீஸ் நிலையத்தில் சொன்னார்கள். கோலாலம்பூரில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அலைந்தோம். நேரில் வந்து பார்ப்போம், வெடிப்பும் புதுத் துருவும் இல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அதுவரை உங்கள் மகன் பெயரில் தற்காலிக அனுமதி கிடைத்தது. அவர்கள் வருவதாகச் சொன்ன வாரத்துக்கு முந்தைய வாரம் மழை பிடித்துக்கொண்டது.

ஆற்றில் வெள்ளமும் கடலில் பெருக்கும் ஒன்றாக வந்தால் நம் தாமான் குடியிருப்பு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலையிலேயே கால்வாய் நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டில் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுக்கு மாடி இல்லை. கூரைக்கு அடியில் வைக்கலாம் என்றால் அது நீங்கள் இருக்கும்போதே ஒழுகிய கூரை. சுமதி வீடு சுபாங் ஜெயாவில் ஏழாவது மாடி. அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் முடிந்தது கதை என்று நினைத்து, முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று நிலையத்துக்குப் போன் போட்டேன். நம் அலமாரியைச் சோதிக்க வருவாரே, அந்தத் தமிழ் சார்ஜன்தான் எடுத்தார்.

"அக்கா, லைசென்ஸ்ல எந்த வீடு போட்டிருக்கோ அங்கதான் இருக்கணும். ரோட்டுக்கு எடுத்தீங்கன்னா நானே வந்து உங்கள புடிக்கணும்லா."

"அப்ப நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க சார்."

"எங்க வர்றது? எங்க ஆளுங்க எல்லாம் போட்டுல போயிருக்காங்க. இங்கயே முழங்கால் தண்ணி."

"தண்ணியில நனைஞ்சா மியூசியத்துல எடுக்க மாட்டாங்க சார். அப்புறம் நீங்கதான் உருக்குவீங்க."

"வீட்டுக்குள்ள எங்க வேணா வைங்க. பூட்டி வைங்க. வெளிய மட்டும் போகக் கூடாது. வெள்ளத்துல அடிச்சிட்டுப் போச்சுன்னா அது இன்னும் பெரிய கேஸ்" என்றார். ஆக, துப்பாக்கி நனையவும் கூடாது, வீட்டைவிட்டுப் போகவும் கூடாது. தண்ணீரோ வாசல்படியில் நிற்கிறது.

குழாயில் தண்ணீர் வராத நாள்களுக்கென்று நம் ஊரில் யார் வீட்டில்தான் நீல டிரம் இல்லை? நம் வீட்டில் இரண்டு. தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே துடைத்து, என் முடி உலர்த்தும் மிஷினால் காயவைத்தேன். "வெள்ளம் வருது, நீ தண்ணிய கீழ ஊத்துற" என்று உங்கள் மகன் தலையில் அடித்துக்கொண்டார். உங்கள் எண்ணெய் டப்பா காலி. என் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து ஐந்தையும் துடைத்தேன். ஆமாம் மாமா, நான்தான் துடைத்தேன். ரவிக்கைக்கு வெட்டி மிஞ்சின துணியில் சுற்றி, இடையிடையே பச்சரிசியை முடிச்சு முடிச்சாகக் கட்டிப் போட்டேன். டப்பாவில் உப்பு கசியாமல் இருக்க நாம் செய்வதில்லையா, அந்த நினைப்புதான். துரு அண்டாது என்று நீங்கள் அலமாரியில் வைக்கும் கற்பூரத்தையும் போட்டேன்.

நெட்டைத் துப்பாக்கிகள் மட்டும் டிரம்முக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. உங்கள் மகன் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு டிரம்மை எடுத்து அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். வாயும் வாயும் சேர்ந்த இடத்தில் டேப்பைச் சுற்றினார், சுற்றினார், கடையில் இனி யாருக்கும் டேப் கிடைக்காது என்கிற அளவுக்குச் சுற்றினார். மேலே ஒரு சங்கிலி போட்டுப் பூட்டினார். அந்த மனிதருக்கு இப்படி ஒரு யோசனை வரும் என்று எனக்கும் தெரியாது, பெற்ற உங்களுக்கும் தெரிந்திருக்காது.

அதை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த பிரச்சனை. உயரமாகவும் கனமாகவும் இருப்பது சாப்பாட்டு மேசை ஒன்றுதான். அதில் ஏற்கெனவே என் தையல் மிஷினை ஏற்றியிருந்தோம். இரண்டுக்கும் இடமில்லை.

"மிஷின் இருக்கட்டும் மல்லி. உன் பொழப்பு அது" என்றார் உங்கள் மகன்.

"மிஷின கட்டில்ல வைங்க. டிரம்ம மேல ஏத்துங்க."

"கட்டில் உயரம் பத்தாது."

"தெரியும். ஏத்துங்க."

துணி காயப்போடும் நைலான் கயிற்றால் டிரம்மை ஜன்னல் கம்பியோடு கட்டினோம். மிதந்தால் மிதக்கட்டும், வெளியே போகாமல் இருந்தால் போதும். முட்டியளவு தண்ணீர் வந்தபோது படகோடு நான்கைந்து இளைஞர்கள் வந்தார்கள். ஏறுங்கக்கா என்று ஒரு தம்பி கையை நீட்டினான். நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, "உள்ள நகை விட்டுட்டீங்களாக்கா, எடுத்துத் தரவா?" என்று கேட்டான். "துப்பாக்கி" என்றேன். அதற்குமேல் அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பள்ளி மண்டபத்தில் பாய் கொடுத்தார்கள், சாப்பிட மீ கோரெங் நூடுல்ஸ் கொடுத்தார்கள். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் பிரிட்ஜைப் பற்றியும் காரைப் பற்றியும் பேசினார்கள். எனக்குக் கயிறு நினைப்பு. டேப் பிரிந்திருக்குமோ? கிரில் கதவை இழுத்துப் பூட்டினோமா? டிரம் மிதந்து ரோட்டுக்குப் போய், யாராவது திறந்து பார்த்து, உங்கள் மகனை விலங்கு மாட்டிக் கூட்டிப் போவதுவரை எல்லாவற்றையும் யோசித்து முடித்தேன். "கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டீங்களே" என்று உங்களை வாய்விட்டே திட்டினேன். திட்டியதும் அழுகை வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் படகில் ஏறியிருக்கவே மாட்டீர்கள், அதையும் நினைத்தேன்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனபோது ஹாலில் கணுக்கால் அளவு சேறு. மேசை ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. டிரம் சோபாவின் மேல், கயிறு முறுக்கிக்கொண்டு, விருந்தாளி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. உங்கள் மகன் கத்தியால் டேப்பைக் கிழித்தார். உள்ளேயிருந்து கற்பூர வாசனை வந்தது. துணி காய்ந்திருந்தது. அரிசி காய்ந்திருந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன் மாமா. என் மிஷினைக் கட்டிலோடு தண்ணீர் முழுங்கிவிட்டது. அன்றைக்கு நான் அதைப் பார்க்கக்கூடப் போகவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார், நம் சுமதியைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். கையுறை போட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெட்டைத் துப்பாக்கியின் விசைப்பக்க இரும்பில் அவர் பார்வை நின்றுவிட்டது. எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். காசு அகலத்துக்கு வட்டமாக, மங்கலாக ஒரு கறை. ஐந்திலும் இருந்தது. "வெள்ளத் தண்ணீர் பட்டதா?" என்று மலாயில் கேட்டார். இவ்வளவும் செய்து, இதில் போகப்போகிறதா?

பிறகு நன்றாகப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் எந்த ஊரில் மாமா நடுநெற்றியில் வட்டமாகத் துருப்பிடிக்க வைக்கும்? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நீங்கள் குழைத்து வைத்த சந்தனம் அது. எங்கள் யாரையும் ஈரக் கையோடு அண்டவிடாத நீங்கள், வருடாவருடம் ஈரச் சந்தனத்தை அப்பி விடியும்வரை அப்படியே விட்டிருக்கிறீர்கள். நான் மலாயில் தட்டுத்தடுமாறி விளக்கினேன். வேலை செய்கிற சாமானுக்குத்தானே பூஜை, சுடாத துப்பாக்கிக்கு எதற்கு என்று அவர் நியாயமாகவே கேட்டார். நான் உங்கள் மகனைத் திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் மகன் சொன்னார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனிதர், நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "எங்க தாத்தா, அது ரப்பர் தோட்டமா இருந்த காலத்துல, அங்க பால் மரம் வெட்டுனவரு. பங்களாவுக்குள்ள போனா இந்தத் துப்பாக்கி தொங்கும். துரை அதுக்குக் கீழதான் உக்காருவாராம். தாத்தா ஒரு நாளும் தலைய நிமிர்த்தி அதப் பாத்ததில்லையாம். அதான் அப்பா கொண்டாந்து பொட்டு வச்சாரு." பாதி மலாயில், பாதி தமிழில் சொன்னார். உங்களோடு இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தேன், இதை ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் டிவியை நானே படுக்கையறைக்கு மாற்றியிருப்பேனே.

அதிகாரி கையுறையைக் கழற்றினார். இந்தக் கறையை நாங்கள் சுத்தம் செய்ய முடியும், ஆனால் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றோம். ஐந்தும் போலீஸ் காவலோடு போயின. சார்ஜன் வாசலில் நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். விளையாட்டுக்குத்தான் வைத்திருப்பார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது எனக்கு வேறு மிஷின் வந்துவிட்டது. அதன் சத்தம்தான் இன்னும் பழகவில்லை. ஹாலில் அலமாரி இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றன. அங்கே டிவியை வைக்கலாம் என்று உங்கள் மகன் சொல்கிறார், நான்தான் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஆயுத பூஜைக்குக் கோலாலம்பூருக்குப் போவோம். கண்ணாடிக்குள் இருப்பதற்குச் சந்தனம் வைக்க விடமாட்டார்கள், கற்பூரமும் காட்ட முடியாது. பரவாயில்லை. சுமதியின் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, அந்தப் பொட்டுகளைக் காட்டி, வைத்தது யார், ஏன் வைத்தார் என்று சத்தமாகச் சொல்வேன். காவலாளி வந்து மெதுவாகப் பேசச் சொன்னாலும் குரலைத் தாழ்த்த மாட்டேன். இது என் வாக்கு மாமா.

சண்டை போட்ட உரிமையோடும் தீராத அன்போடும்,
உங்கள் மருமகள்
மல்லிகா,
கிள்ளான்