ஐந்தாம் வகுப்பின் காட்டுச் சுற்றுலா

மார்ச் 3

வணக்கம்.

இங்கே நலம். நீங்களும் நலமென்று உங்கள் அக்கா சொன்னார். பழங்காட்டில் வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்திருப்பதையும் அவர்தான் சொன்னார்.

பதினான்காம் தேதி பாப்பாவின் பள்ளியிலிருந்து ஐந்தாம் வகுப்பை அங்கே அழைத்து வருகிறார்கள். வேட்டை மாளிகை, ஆயிரம் வருஷத்து மரம், தொங்குபாலம் எல்லாம் காட்டுவார்களாம். நீங்கள் வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கு மூன்று வயது. உங்கள் முகம் அவளுக்கு நினைவில்லை. அது அப்படியே இருக்கட்டும். அன்று ஒருநாள் லீவு போட்டுவிட்டால் நல்லது. இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பாப்பாவின் அம்மா


மார்ச் 7

அன்புள்ள உனக்கு,

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கவலைப்படாதே.

காட்டுக்குள் வெயில் இறங்காது, ஸ்வெட்டர் போட்டு அனுப்பு. மாளிகைப் படிக்கட்டெல்லாம் பாசி, அதனால் செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும். தொங்குபாலத்தில் பயந்தால் விட்டுவிடும்படி டீச்சரிடம் சொல்லிவை. ஊஞ்சலுக்கே அழுகிறவள். இப்போது எப்படியோ, எனக்குத் தெரியாது.

நான்


மார்ச் 15

அன்புள்ள உனக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. நேற்றுக் காலை இன்னொரு வழிகாட்டி கால் பிசகி விழுந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். சொல்லாமல் கிளம்பிப் போனேன்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளில் அவளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. அப்படியே உன் நடை. பெரிய மரத்தடியில் கையைத் தூக்கினாள்.

"வெட்டினாத்தானே வளையம் தெரியும்? வெட்டாம எப்படி வயசு எண்ணினாங்க?"

"பென்சில் கனத்துக்குத் துளை போட்டு, உள்ளேயிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்பாங்கம்மா."

"வலிக்காதா?"

கூட்டமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மாளிகைக்குப் போகலாம் என்று முன்னால் நடந்துவிட்டேன்.

தொங்குபாலத்தை முதலில் கடந்தது அவள்தான். பஸ் ஏறும்போது "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். நான் யாரென்று மூச்சு விடவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டு.

நான்


மார்ச் 22

வணக்கம்.

உங்கள் கடிதம் வருமுன்பே இங்கே விஷயம் வெளியே வந்துவிட்டது. அன்று வந்து ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"கைடு அங்கிள் எல்லார்கிட்டயும் பேர் கேட்டார்மா. என்கிட்ட மட்டும் கேக்கவே இல்ல."

"மறந்திருப்பார்."

"மறக்கல. என் பக்கம் வந்ததும் வேற எங்கேயோ பார்த்தார்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அது நீங்கள்தான் என்று புரிந்துவிட்டது. இன்னொரு பொய் சொல்ல மனசு வரவில்லை. அவர்தான் அப்பா என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் காகிதம் கேட்டாள். அவள் எழுதியதைத் திருத்தாமல் இதோடு வைத்திருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா


கைடு அங்கிளுக்கு,

அப்பான்னு எழுதலாமான்னு இன்னும் முடிவு பண்ணல. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மா கேட் வரைக்கும்தான் வருவாங்களாம். நானே டிக்கெட் எடுத்து எல்லாரோடயும் வரிசையில நிப்பேன். என்கிட்ட வரும்போது பேர் கேளுங்க.