ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம்

போரம் அப்பாவுக்கு,

கானாங்கெளுத்தி மீனில் உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஆறே முக்காலுக்குப் பொரித்தால் போதும். குக்கரில் சோறு சூடாக இருக்கிறது. திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

இன்று பள்ளியில் மின்ஜே உங்கள் மகள் போரமை விளையாடக் கூப்பிட்டானாம். இவள் அவன் தோளைத் தட்டி, "ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாளாம். டீச்சர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"பிடிக்காதவங்ககிட்ட அப்படித்தாம்மா சொல்லணும். அப்பா போன்ல பெரியப்பாகிட்ட அதானே சொல்றாரு!"

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பூர்வீக வீட்டை விற்ற சண்டைக்குப் பிறகு நீங்கள் அவரிடம் வேறெதுவும் சொன்னதாக எனக்கும் நினைவில்லை.

அதனால் உங்கள் அண்ணனுக்கு போன் செய்து, "அந்த ஒரு நாள் இன்னிக்குத்தான். ஏழு மணிக்கு வாங்க" என்றேன். அவர், "மீன் உண்டா?" என்றார்.

நாம் கதவுப் பூட்டின் ரகசிய எண்ணை மாற்றியது அவருக்குத் தெரியாது. மணி அடித்தால் நீங்கள்தான் திறக்க வேண்டும். நீச்சல் வகுப்பு முடிந்து நாங்கள் ஏழரைக்கு வருவோம். கத்துவதை அதற்குள் கத்தி முடித்துவிடுங்கள்.

சன்யோங்

பி.கு.: சோஜு மதுப்புட்டி பால்கனியில் இருக்கிறது.

இன்னொன்று: "பெரியப்பா நெஜமாவே சாப்பிடவா வர்றாரு?" என்று போரம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஆமாம் என்றேன். நாளைக்கு மின்ஜேயிடம் என்ன சொல்வது என்று, வந்து உங்கள் இருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்வாளாம்.