கூழ் ஊற்றும் மானேஜர்

ஜூலை 16, 1974, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவிடம் காட்டாதீர்கள். மாமாவிடம் காட்டவே காட்டாதீர்கள். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

காற்றே இல்லை. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் புழுக்கம். சிம்னி விளக்கைத் தகர டப்பாவால் மறைத்து எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள்.

இன்று அவளுக்கு வேலை போய்விட்டது. கடற்கரை ஓட்டலில் வெள்ளைக்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை. அம்மை போட்டுப் படுத்திருந்தாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றி, முகமெல்லாம் தழும்போடு இன்றுதான் போனாள். நடை இன்னும் தள்ளாட்டம். அதனால் நானும் கூடப் போனேன்.

மானேஜர். இனி இங்கே செ. செ. என்றால் சென்ட்டு. முதலில் வாசனை வரும், பிறகு தொப்பை, கடைசியில் ஆள்.

"டாக்டர் சர்ட்டிபிகேட் எங்க?"

"அம்மைக்கு எந்த டாக்டராண்ட சார் போறது? ஆத்தா வந்திருக்கசொல்ல ஊசி போட்டுக்குவாங்களா? வாசல்ல வேப்பில சொருகியிருந்தது ஊருக்கே தெரியும்."

"வேப்பிலைய ஃபைல்ல வெக்க முடியுமா? சர்ட்டிபிகேட் இல்லாத லீவு லீவே இல்லம்மா. உன் பேர அடிச்சாச்சி."

சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். ஆமாம், 'சிரித்தான்' தான், 'சிரித்தார்' இல்லை. இந்த நோட்டில் மரியாதை கிடையாது.

போன வருஷம் இவன் பையனுக்கும் அம்மை. விடியற்காலையில் வேப்பிலை பறித்துக்கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அம்மா. அத்தனை நாளும் செ. ஓட்டல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அது எந்த ஃபைலில்?

தாவணி ஓரம் கிழிசல். நாளை தைக்க வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

மழை வருவதுபோல் இருட்டிவிட்டு ஏமாற்றியது.

அம்மா செங்கல்பட்டுக்குப் போய்வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே. அங்கே டாக்டர் சொன்னாராம்: "காஞ்சிபோன தழும்பப் பாத்து நான் இன்னாம்மா எழுதறது? வந்தப்பவே வந்திருக்கணும்."

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. செ.யைப் பிடித்து அம்மாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அதை நாங்கள் மறந்துவிடக் கூடாது என்று அவரே அடிக்கடி நினைவுபடுத்துவார்.

"அக்கா, நல்ல சேதி. வேலைய யாருக்கும் குடுக்கலியாம். உன் பதிலுக்கு பொண்ண அனுப்பச் சொன்னாரு. இன்னா மனசு அவருக்கு!"

"அது படிக்குதேடா."

"படிச்சி இன்னா, கலெக்டரா ஆவப்போவுது? துணி தொவைக்க எத்தினி கிளாஸு வேணும்?"

மாமாவிடம் உள்ளவை: மீசை. மீசைக்கென்று தனிச் சீப்பு. செ.யைக் கண்டால் தோளிலிருந்து தானாக இடுப்புக்கு இறங்கும் துண்டு.
இல்லாதது: முதுகெலும்பு.

எங்கள் வீட்டு மீன் குழம்பில் மூன்று துண்டு தின்றுவிட்டு, "காரம் பத்தல" என்று எழுந்து போனார்.

அம்மா அவருக்கு 'சரி' என்று சொல்லவில்லை. 'முடியாது' என்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால்... எழுதி என்ன.

ஜூலை 21, ஞாயிறு

நல்ல வெயில். ஆடி முதல் ஞாயிறு, அம்மன் கோயிலில் கூழ்.

இந்த வருஷக் கூழ் யார் உபயம்? செ.! ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அவன் பெயர். பையனுக்கு அம்மை இறங்கினால் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டுதலாம். பட்டு வேட்டி, வெற்றுடம்பு, கையில் கரண்டி. தொப்பைக்கு மேல் சந்தனம். சென்ட்டும் உண்டு. அம்மனுக்கே தலைவலி வந்திருக்கும்.

தூக்குச் சட்டியோடு வரிசையில் நான். என் முறை வந்ததும் பல்லைக் காட்டினான்.

"நாளைலேர்ந்து நீதான வேலைக்கு?"

வாய் தானாகப் பேசிவிட்டது.

"சார், உங்க பையனுக்கு ஆத்தா வந்தப்போ எந்த டாக்டரு சர்ட்டிபிகேட் குடுத்தாரு?"

கரண்டி அப்படியே நின்றது. பட்டு வேட்டியில் கூழ் சொட்டியது. எனக்குப் பின்னால் நின்ற மீன்காரம்மா, "பொண்ணு கேக்குதில்ல, சொல்லு நைனா!" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவன் மனைவி கூழ்ப் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் மாமனாண்ட பேசிக்கிறேன்." வாய் அசையாமல், பல்லுக்குள்ளேயே சொன்னான்.

ஓடி வந்துவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியில் பாதிக் கூழ்தான். இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பே போடல" என்று வைத்துவிட்டாள்.

மாமா வருவார். முடியைப் பிடித்து இழுப்பார். நாளை வரலாற்றுப் பாடம் ஒப்பிக்க வேண்டும், இல்லையென்றால் துவைக்கிற கல். இரண்டில் எது என்று இன்னும் தெரியாது.

அம்மா தூங்கிவிட்டாள், விளக்கு தகர டப்பாவுக்குப் பின்னால். கதவு தட்டுகிறார்கள். மாமாதான்.

"யக்கா! தொற! உன் பொண்ணு இன்னா பண்ணிட்டு வந்துகீது தெரியுமா?"

அம்மா எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே சொல்கிறாள்:

"தெரியும். ஊரே வந்து சொல்லிச்சி. பொண்ணு படிச்சிகினு கீது, கத்தாத. அது இஸ்கூலுக்குப் போன பொறவு வா."

அப்படியென்றால் இத்தனை ராத்திரியும் அம்மா தூங்கவே...

மறுபடியும் தட்டுகிறார்.