இரத்தத்தோடு இரத்தம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் மஞ்சுளா அக்காவுக்கு,

காவலூர் முகாமில் இரத்தம் கொடுத்த கருப்பனின் மகள் அன்பரசி எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அன்று தந்த சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நீங்கள்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். இன்று அம்மாவையும் சோதித்து, அவருக்கு இல்லை என்றீர்கள்.

அந்த "இல்லை"தான் அடியைக் கொண்டுவந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா அம்மாவின் கொண்டையைப் பிடித்து, "எனுக்கு மட்டும் கீது, உனுக்கு இல்லியா? இனிமே என்கூட இன்னாத்துக்கு இருப்ப? உங்கண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு இன்னொருத்தனக் கட்டிக்குவ" என்று கத்தினார். எங்கள் மலையில் பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒரு பெண் புருஷனை விட்டுப் போகலாம், ஊர் தடுக்காது. ஆனால் அம்மா போகிறேன் என்று சொல்லவே இல்லை, அக்கா. "கஞ்சி ஊத்தறேன், வாய்யா" என்றுதான் சொன்னார்.

வீட்டுக்குள் உலக்கையால் அடித்தார். அம்மாவின் நெற்றி பிளந்தது. தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, இரத்தத்தோடு இரத்தம் கலந்தால் வரும் என்று நீங்கள் அப்பாவுக்குத் தைரியம் சொன்னீர்களாம். நீங்கள் கடைசியில் சொன்னதை மட்டும் அப்பா எடுத்துக்கொண்டார். சாமை அறுக்கும் அரிவாளால் தன் உள்ளங்கையைக் கீறி, அம்மாவின் காயத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார். "இப்பப் போடி, பாக்கலாம்" என்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னைச் சுவரில் தள்ளினார். சான்றிதழின் கண்ணாடி உடைந்தது. பிறகு அவரே அம்மாவின் தலையில் துணி கட்டிவிட்டு அழுதார்.

இப்போது கதவுக்குக் குறுக்கே அரிவாளோடு படுத்திருக்கிறார். "எல்லாம் முடிஞ்சிடுச்சி, கம்முனு படு" என்கிறார் அம்மா. அப்படி இரத்தம் கலந்துவிட்டாலும், மூன்று நாளைக்குள் மருந்து தொடங்கினால் தடுக்கலாம் என்று பள்ளிக்கு வந்த நர்ஸ் சொன்னார். அது உண்மைதானே?

காலையில் பள்ளிக்குப் போகிற சாக்கில் கண்டக்டர் பஞ்சாட்சரம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். போன் செய்யாதீர்கள், அது அப்பாவிடம் இருக்கிறது. தனியாகவும் வராதீர்கள். போலீசோடு வாருங்கள். ஆனால் அப்பாவை அடிக்க விடாதீர்கள், அவருக்கும் மாத்திரை வேண்டும். அம்மாவைக் கேட்டால் பாறையில் விழுந்தேன் என்பார். நம்பாதீர்கள்.

அக்கா, அம்மாவுக்கு இல்லை என்று உங்கள் வாயால் சொன்னீர்கள். இனியும் அது உண்மையாக இருக்க வேண்டும். சீக்கிரம் வாருங்கள்.

உங்களையே நம்பியிருக்கும்,
அன்பரசி